கொலஸ்ட்ராலைக் குறைக்க உணவா, மாத்திரையா: இரண்டையும் செய்து பார்த்தவனின் கணக்கு

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐம்பதாவது வயதில் முதன்முறையாக எடுத்த லிப்பிட் (இரத்தக் கொழுப்பு) பரிசோதனையில் என் மொத்தக் கொலஸ்ட்ரால் 248, 'நல்ல' கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் 38, இரத்தத்தின் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 210, 'கெட்ட' கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 168 என்று வந்தது (எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம்). எனக்குச் சர்க்கரை நோய் இல்லை, புகைப் பழக்கமும் இல்லை; ஆனால் என் தந்தைக்கு 54 வயதில் மாரடைப்பு வந்தது. அதைக் கேட்டதும் மருத்துவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தொடங்கலாம் என்றார். நான் அவகாசம் கேட்டு உணவுக் கட்டுப்பாட்டில் இறங்கினேன். பிறகு மாத்திரைக்கு வந்து, இன்றும் அதில்தான் இருக்கிறேன். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது அல்ல.

எந்த எண்ணை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அறிக்கையில் தடித்த எழுத்தில் கண்ணில் படுவது மொத்தக் கொலஸ்ட்ரால். ஆனால் அதற்குள் நன்மை செய்வதும் தீமை செய்வதும் கலந்தே இருப்பதால், அது 200-ஐத் தாண்டிவிட்டது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. எல்டிஎல் என்ற வரியோ பெரும்பாலான ஆய்வகங்களில் நேரடியாக அளக்கப்படுவதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிற கணக்கு அது. 1972-இல் ஃப்ரீட்வால்ட் குழுவினர் தந்த வாய்பாடு. என் அறிக்கையில் 248-லிருந்து 38, 42 இரண்டையும் கழித்தால் சரியாக 168 வருகிறது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்குச் செல்லாது. சாப்பிட்டுவிட்டு இரத்தம் கொடுத்தாலும் தடுமாறும். அதனால் நான் மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்து வரும் எண்ணையும் எழுதி வைக்கிறேன். இரத்தக் குழாய்ச் சுவரில் படியக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் அதில் அடங்கும், வெறும் வயிறு கட்டாயமில்லை, எல்டிஎல்லுக்கு எந்த இலக்கோ அதைவிட 30 கூடுதல் இதற்கு இலக்கு. நம்மவர்களிடம் டிரைகிளிசரைடு கூடியும் எச்டிஎல் குறைந்தும் காணப்படுவது வழக்கம் என்பதால், எல்டிஎல்லைக் காட்டிலும் இந்த எண் உண்மையை நெருங்கிச் சொல்கிறது. 248-லிருந்து 38 போக, என் தொடக்கக் கணக்கு 210.

உணவுப் பக்கம் நான் செய்தது புதுமை எதுவும் இல்லை. நெய், தேங்காய்ப்பால் குழம்பு, பேக்கரிப் பண்டங்கள், பரோட்டா ஆகியவற்றைக் குறைத்தேன். இரவுச் சோற்றை நிறுத்தி, பாசிப்பயறு, கொள்ளு, வெண்டைக்காய், ஓட்ஸ், கைப்பிடி நிலக்கடலை என்று மாறினேன். மாலையில் ஒரு மணி நேரம் நடந்தேன். (எண்ணெய் உறையில் 'கொலஸ்ட்ரால் அற்றது' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மகிழ ஒன்றுமில்லை; தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கணக்கில் கொள்ளும் அளவுக்குக் கிடையாது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு: தேங்காய் எண்ணெயில் அது 80 சதவீதத்துக்கு மேல், பாமாயிலில் ஏறக்குறையப் பாதி, நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழ்.) நான்கு மாதங்களில் மொத்தம் 218, எச்டிஎல் 40, டிரைகிளிசரைடு 150, எல்டிஎல் 148 என்று இறங்கின. டிரைகிளிசரைடு இறங்கியது பெரும்பாலும் சோறும் இனிப்பும் குறைந்ததால். எல்டிஎல்லை இறக்கியவை நெய்யைக் குறைத்ததும் கரையும் நார்ச்சத்தைக் கூட்டியதும். எல்டிஎல்லில் 12 சதவீதம் குறைந்தது எனக்குப் பெரிய வெற்றியாகவே தோன்றியது.

மாத்திரையின் வேலை வேறு வகைப்பட்டது. ஜப்பானில் அகிரா எண்டோ 1973-இல் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருளில் தொடங்குகிறது ஸ்டாட்டின்களின் வரலாறு. கல்லீரல் தானே கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் பாதையில் ஒரு நொதியை அவை தடுக்கின்றன. தட்டுப்பாடு வந்ததும் கல்லீரல் தன் செல்களின் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பிகளைக் கூட்டி, இரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நடுத்தர வீரியத்தில் 30 முதல் 49 சதவீதமும், அதிக வீரியத்தில் 50 சதவீதத்துக்கு மேலும் எல்டிஎல் குறையும். இந்த அளவோடு சமையலறை போட்டியிட முடியாது என்பதைச் சொல்லிவிட்டுக் கடந்து போகலாம், ஏனெனில் என் முடிவை மாற்றியது அளவு அல்ல.

மாற்றியது, எது நிலைத்து நிற்கிறது என்ற கேள்வி. நான்கு மாத வெற்றிக்குப் பிறகு வீட்டில் ஒரு திருமணம், அடுத்து ஆடி மாத விருந்துகள், பின்னர் வேலை நிமித்தமாக மூன்று மாதம் வெளியூர் உணவகச் சாப்பாடு. நான் எதையும் வெளிப்படையாகக் கைவிடவில்லை. ஓட்ஸ் வாரத்தில் இரண்டு நாளாயிற்று, நெய் ஒரு கரண்டி திரும்பி வந்தது, அவ்வளவுதான். எட்டு மாதங்கள் கழித்து எடுத்த அறிக்கையில் எல்டிஎல் 162. இது என் சோம்பல் மட்டுமே என்று நினைத்திருந்தேன், டொரண்டோவின் டேவிட் ஜென்கின்ஸ் குழு நடத்திய இரு ஆய்வுகளைப் படிக்கும் வரை. 2003-இல் வெளியானதில், சோயா, நார்ச்சத்து, கொட்டைகள், தாவர ஸ்டெரால் (கொலஸ்ட்ராலை ஒத்த தாவரப் பொருள்) நான்கையும் சேர்த்த உணவை ஆய்வுக் குழுவே தயாரித்துக் கொடுத்தது. ஒரே மாதத்தில் எல்டிஎல் 28.6 சதவீதம் குறைந்தது, ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு 30.9. மாத்திரைக்கு நிகரான உணவு என்று அது கொண்டாடப்பட்டது. ஆனால் 2011-இல் அதே உணவுமுறையை அறிவுரையாக மட்டும் சொல்லி, மக்களை அவரவர் வீட்டிலேயே சமைத்து உண்ணவிட்டபோது, ஆறு மாத முடிவில் குறைந்தது ஏறத்தாழ 13 சதவீதம். உணவின் ஆற்றல் அதேதான். அன்றாட வாழ்க்கையில் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. என் 12 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பது அப்போது புரிந்தது. இரத்தக் குழாயில் படிவது பத்து, இருபது ஆண்டுகளின் கூட்டுத்தொகை என்பதால், நான்கு மாதம் சிறப்பாக இருந்துவிட்டு எட்டு மாதம் பழைய நிலையில் இருப்பதைவிட, நடுத்தரமான ஒரு குறைவு இடைவிடாமல் நீடிப்பதே பயன் தரும்.

மாத்திரைக்கும் பராமரிப்பு உண்டு. நிறுத்தினால் சில வாரங்களில் எண்கள் பழைய இடத்துக்கே போய்விடும். ஆனால் அந்தப் பராமரிப்பு நாளுக்கு ஒரு நிமிடம், திருமண வீட்டிலும் அது சாத்தியம். அடோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் தொடங்கிய மூன்றாம் மாதம் மொத்தம் 168, எச்டிஎல் 41, டிரைகிளிசரைடு 135, எல்டிஎல் 100. அதன் பிறகு ஒன்றரை ஆண்டாக அதே அருகில் நிற்கிறது. உணவை நான் விட்டுவிடவும் இல்லை, அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது: ஸ்டாட்டினின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாக ஏறத்தாழ 6 சதவீதம்தான் குறையும், சுமாரான உணவுக் கட்டுப்பாடே அதைவிட அதிகம் தந்துவிடுவதால், மாத்திரையின் வீரியத்தைக் கூட்டாமல் இருக்க அது உதவுகிறது.

பக்கவிளைவு பற்றி என் அனுபவம் மிகக் குறுகியது. எனக்குத் தசைவலி வரவில்லை. வந்தவர்களின் சிரமத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் லண்டனில் நடந்த, 2020-இல் வெளியான சாம்சன் ஆய்வு குறிப்பிடத்தக்கது. பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதங்கள் உண்மையான மாத்திரையும், சில மாதங்கள் மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்தபோது, தொந்தரவில் ஏறத்தாழ 90 சதவீதம் போலி மாத்திரையிலும் தோன்றியது. இரத்தச் சர்க்கரை சிறிதளவு ஏறும் வாய்ப்பு உண்மையானது. அதற்காக ஆண்டுக்கு ஒருமுறை எச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) பார்த்துக்கொள்கிறேன். கருத்தரிக்க எண்ணும் பெண்களுக்கு இந்த மருந்து பொதுவாக வேண்டாம் என்றே சொல்லப்படுகிறது.

என் நிலைமை எல்லோருக்கும் பொருந்தாது. தந்தையின் வரலாறு இல்லாமல் எல்டிஎல் 140 மட்டும் இருந்திருந்தால், நானே உணவுடன் இன்னும் ஓராண்டு முயன்றிருப்பேன். டிரைகிளிசரைடு மட்டும் கூடியிருப்பவருக்குச் சோறு, சர்க்கரை, மது மூன்றையும் குறைப்பதே முதல் வழி. மாறாக, எல்டிஎல் 190-க்கு மேல் இருந்தால் அது பரம்பரையாக வருவதாக இருக்கலாம். அங்கே ஓட்ஸை நம்பிக் காலம் கடத்தக் கூடாது. எந்தப் பக்கம் போவதானாலும் தைராய்டைப் பரிசோதித்துவிட்டுத் தொடங்குவது நல்லது, அது குறைந்தாலே எல்டிஎல் ஏறும். காய்ச்சல் விட்ட கையோடு எடுத்த பரிசோதனையையும் நம்ப வேண்டாம், அப்போது எண்கள் பொய்யாக இறங்கியிருக்கும். அடுத்த பரிசோதனையை நான் எப்போதும் அதே ஆய்வகத்தில், விருந்துகள் முடிந்த மாதத்தில்தான் வைத்துக்கொள்கிறேன். பத்தியம் இருந்த வாரத்தின் எண் எனக்கு வேண்டாம்.