ஜெர்மனியின் சான்சன்கார்டே: யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

கையில் வேலை இல்லாமலே ஜெர்மனிக்குள் போய், ஓராண்டு வரை தங்கி, அங்கிருந்தபடியே வேலை தேட அனுமதிக்கும் விசாதான் சான்சன்கார்டே, அதாவது ‘வாய்ப்பு அட்டை’. 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பிருந்த ஆறு மாத வேலைதேடல் விசாவைவிட இது இரண்டு விதத்தில் மேல். காலம் இரட்டிப்பு. வாரம் 20 மணி நேரம் வரை எந்த வேலையும் பார்த்துக் கைச்செலவைச் சமாளிக்கலாம். ஜெர்மன் மொழியில் பி1 நிலையை (ஏ1 தொடக்கம், சி2 உச்சம் என்ற ஆறு நிலைகளில் மூன்றாவது) எட்டிவிட்ட, இரண்டு மூன்று ஆண்டு அனுபவமுள்ள இளம் பட்டதாரிக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம். ஏ1 சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ‘போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கிளம்புகிறவருக்கு இது விலை கூடிய சுற்றுலாவாகவே முடியும்.

இந்த அட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் புள்ளிக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன் பார்க்கவேண்டியது வேறு: உங்கள் படிப்பை ஜெர்மனி முழுமையாக ஏற்கிறதா? ஏற்றால் நீங்கள் சட்டப்படி ‘ஃபாக்கிராஃப்ட்’, அதாவது தகுதிபெற்ற பணியாளர். உங்களுக்குப் புள்ளியே தேவையில்லை. செலவுக்கான பணத்தைக் காட்டினால் போதும். அனபின் என்ற அரசுத் தரவுத்தளத்தில் இதை இலவசமாகப் பார்க்கலாம். பல்கலைக்கழகத்துக்கு நேரே ‘எச் பிளஸ்’, அதாவது அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் என்ற குறி இருக்கவேண்டும். பட்டமும் ஜெர்மன் பட்டத்துக்கு நிகர் என்று தனியே பதிவாகியிருக்கவேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு விண்ணப்பிப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. இணைப்புக் கல்லூரியில் படித்தவர்கள் கல்லூரிப் பெயரைத் தேடிவிட்டு ‘இல்லை’ என்று சோர்ந்துபோகிறார்கள். பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரில் தேடுங்கள். இரண்டு பக்கங்களையும் அச்செடுத்து விண்ணப்பத்தோடு சேர்க்கவேண்டும். தளத்தில் பட்டம் இல்லையென்றால் இசட்.ஏ.பி. என்ற அலுவலகத்திடம் ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம். கட்டணம் 208 யூரோ. மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் மற்ற வேலைகளுக்கு முன் இதைத் தொடங்கிவிடுவது நல்லது.

முழு ஏற்பு கிடைக்காதவர்களுக்குத்தான் புள்ளி வழி. அதில் நுழையவே படித்த நாட்டு அரசு அங்கீகரித்த பட்டமோ குறைந்தது இரண்டாண்டுத் தொழிற்பயிற்சியோ வேண்டும். கூடவே ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2. இவற்றுக்குப் புள்ளி கிடையாது, இவை வாசற்படி மட்டுமே. அதன்பின் 6 புள்ளி சேர்க்கவேண்டும். 35 வயது வரை 2, 40 வரை 1. கடந்த ஐந்தாண்டில் இரண்டாண்டு அனுபவத்துக்கு 2, ஏழாண்டில் ஐந்தாண்டு அனுபவத்துக்கு 3. ஜெர்மன் ஏ2-க்கு 1, பி1-க்கு 2, பி2-க்கு 3. ஆங்கிலம் சி1 இருந்தால் தனியாக 1. ஆள் பற்றாக்குறைத் தொழில் என்றால் 1. கடந்த ஐந்தாண்டில் ஆறு மாதம் ஜெர்மனியில் முறைப்படி தங்கியிருந்தால் 1. தகுதியுள்ள துணைவரும் சேர்ந்து விண்ணப்பித்தால் 1. பகுதி ஏற்பு கிடைத்தவர்களுக்கு ஒரேயடியாக 4.

28 வயதுக்காரர் ஒருவர், இரண்டாண்டு அனுபவம், ஏ2, ஆங்கிலம் சி1: 2 + 2 + 1 + 1, சரியாக 6. இதில் கைவிட்டுப் போவது அனுபவப் புள்ளிதான். வேலை, படித்த படிப்போடு தொடர்புடையதாக இருந்தால்தான் அது எண்ணப்படும். மெக்கானிக்கல் படித்துவிட்டு வாடிக்கையாளர் சேவையில் மூன்றாண்டு இருந்தவருக்கு அந்த மூன்றாண்டும் பூஜ்யம். அனுபவச் சான்றிதழில் பதவிப் பெயர் மட்டும் இருந்தால் அதிகாரியால் தொடர்பைப் பார்க்க முடியாது. என்னென்ன வேலை செய்தார் என்று நான்கைந்து வரி எழுதி வாங்குங்கள்.

பணத்துக்கு வருவோம். 2025-ஆம் ஆண்டுக் கணக்குப்படி மாதம் 1,091 யூரோ வீதம், ஓராண்டுக்கு 13,092 யூரோ முடக்கக் கணக்கில், அதாவது பிளாக்டு அக்கவுண்டில் போடவேண்டும். இந்தத் தொகை மாறக்கூடியது, விண்ணப்பிக்கும்போது மறுபடி பாருங்கள். பலர் மாணவர் விசாவுக்கான 11,904 யூரோவைப் போட்டுவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். மாணவருக்கு மாதம் 992 என்பதால் வரும் கணக்கு அது. இன்னொரு சிக்கல், நடுவில் இருக்கும் வங்கிகள் பரிமாற்றக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவது. பத்து யூரோ குறைந்தாலும், கணக்கில் பணம் இருக்கிறது என்ற உறுதிச்சான்று வராது. அதனால் கொஞ்சம் கூடுதலாகவே அனுப்புங்கள். ஜெர்மனியில் இருக்கும் உறவினர் பொறுப்பேற்று அங்குள்ள அலுவலகத்தில் உறுதிப்பத்திரம் கொடுப்பதும் ஒரு வழி. ஆனால் அவர் ஏற்பது சட்டப் பொறுப்பு, மரியாதைக்குக் கையெழுத்து வாங்கும் காரியமல்ல.

விசாக் கட்டணம் 75 யூரோ. விண்ணப்பத்தை ஜெர்மன் வெளியுறவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே நிரப்பலாம். இதற்கென்று லட்சங்களில் வாங்கும் முகவர்கள் உங்களிடம் இல்லாத எதையும் சேர்த்துத் தரப்போவதில்லை. வேலை உறுதி என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம், ஏனென்றால் இந்த அட்டையின் பொருளே வேலை உறுதியில்லை என்பதுதான்.

போய் இறங்கியதும் முதலில் முகவரிப் பதிவு, அன்மெல்டுங். வீட்டுக்குள் குடிபோன இரண்டு வாரத்துக்குள் பதியவேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் அவசியம். குறுகிய கால விடுதிகள் பல இதைத் தருவதில்லை. முன்பதிவு செய்யும்போதே ‘பதிவுக்குப் படிவம் கிடைக்குமா?’ என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். பதிவு இல்லாமல் வரி எண் வராது. வரி எண் இல்லாவிட்டால் பகுதிநேரச் சம்பளத்தில்கூட அதிகபட்ச விகிதத்தில் வரி பிடித்துவிடுவார்கள். வீட்டு முன்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக்கூடாது. வீட்டைப் பார்க்கும் முன் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். மியூனிக்கில் பகிர்வு வீட்டு அறை ஒன்றே மாதப் பணத்தில் பாதிக்குமேல் விழுங்கிவிடும். கெம்னிட்ஸ், மாக்டபுர்க் பக்கம் மலிவு. ஆனால் அங்கே ஆங்கிலத்தை மட்டும் நம்பிப் போகிறவருக்கு வாய்ப்பு இன்னும் குறைவு.

பகுதிநேர வேலையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2026 ஜனவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ. வாரம் 20 மணி நேரம் என்றால் பிடித்தத்துக்கு முன் மாதம் சுமார் 1,200 வரும். மாதம் 603 யூரோவுக்குள் இருப்பது ‘மினிஜாப்’. அதில் மருத்துவக் காப்பீடு கிடைக்காது. அந்த வரம்பைத் தாண்டினால் பொதுக் காப்பீட்டில் சேர்ந்துவிடுவீர்கள். விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்பீடுகள் பொதுவாக ஏற்கனவே உள்ள நோய்களுக்குப் பணம் தராது. அதனால் மினிஜாப் வாய்ப்பைவிட, வரம்பைத் தாண்டும் ஒற்றைப் பகுதிநேர வேலையே மேல். சுயதொழிலுக்கும் ஃப்ரீலான்ஸுக்கும் அனுமதியில்லை. உணவு விநியோகச் செயலிகளில் சேரும் முன் அது பணி ஒப்பந்தமா, சுயதொழில் ஒப்பந்தமா என்று பார்த்துவிடுங்கள்.

படித்த துறையில் ஒரு நிறுவனத்தில் இரண்டு வாரம் வரை சோதனை வேலை செய்யலாம். இந்த அட்டையின் மதிப்பே இதில்தான். வெளிநாட்டுப் பட்டத்தைப் பார்த்துத் தயங்கும் சிறு, நடுத்தர நிறுவனங்கள் ஆளை நேரில் பார்த்தால் இறங்கி வருவதுண்டு. சட்டம் இதை அனுமதிப்பது பல முதலாளிகளுக்கே தெரியாது. விண்ணப்பக் கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிடலாம்.

ஓராண்டு என்பது காகிதத்தில்தான். வேலை கிடைத்ததும் முழுநேரமாக உட்கார்ந்துவிட முடியாது. அட்டையை வேலை அனுமதியாகவோ, நல்ல சம்பளமுள்ள பட்டதாரிகளுக்கான ஐரோப்பிய ‘நீல அட்டை’யாகவோ மாற்றியாக வேண்டும். பெருநகரங்களின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதற்கு நேரம் கிடைக்கவே மாதங்கள் ஓடும். ஆகவே தேடுவதற்கு ஒன்பது மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் ஆளெடுப்பு மந்தம். ஜனவரியிலோ ஆகஸ்ட் கடைசியிலோ இறங்குவது புத்திசாலித்தனம். நீல அட்டைக்கு 2026-இல் ஆண்டுச் சம்பளம் 50,700 யூரோ. பற்றாக்குறைத் தொழில்களுக்கும், படிப்பு முடித்து மூன்றாண்டுக்குள் இருப்பவர்களுக்கும் 45,934.20. இதை எட்டாவிட்டாலும், பட்டம் முழுமையாக ஏற்கப்பட்டிருந்தால் சாதாரண வேலை அனுமதி கிடைக்கும். 45 வயதுக்குக் கீழ் அதற்குச் சம்பள வரம்பில்லை. உள்ளூர்ப் பணியாளருக்கு இணையான ஊதியமா என்றுதான் பார்ப்பார்கள். தகுதியான வேலைக்கு உறுதி கிடைத்தும் வேறு அனுமதிக்குப் பொருந்தாதவர்களுக்கு மட்டும் இரண்டாண்டு வரை நீட்டிப்பு உண்டு. வேலையே அமையாதவருக்கு நீட்டிப்பு இல்லை.

பட்டம் முழுமையாக ஏற்கப்பட்ட மென்பொருள்காரர்கள் இந்த அட்டையைத் தாண்டிப் போகலாம். ஊரிலிருந்தபடியே நேர்காணல் முடித்து நேராக நீல அட்டை வாங்குவது அவர்களுக்குச் செலவும் குறைவு, பதற்றமும் குறைவு. செவிலியர்களுக்கும் இது சரியான கதவல்ல. முதலாளியோடு ஒப்பந்தம் போட்டு, ஏ2 மொழியறிவோடு போய், வேலை பார்த்துக்கொண்டே தகுதி ஏற்பை முடிக்கும் ‘ஏற்புக் கூட்டு’ முறை 2024 மார்ச் முதல் அவர்களுக்கு இருக்கிறது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழி 2025 ஜூலை 1 முதல் இல்லை. பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், அல்லது காரணத்தைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம். ஆவணக் குறைக்காக வழக்கு நடத்துவது வீண். மீண்டும் 75 யூரோ கட்டுவதே லாபம். முடக்கக் கணக்கிலுள்ள பணத்தைத் திரும்பப் பெறப் பெரும்பாலும் நிராகரிப்புக் கடிதம் கேட்பார்கள். மறுபடி விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் பணத்தை எடுக்காமல் அப்படியே விட்டுவையுங்கள்.