சிபிடியா, உளப்பகுப்பாய்வா? நான் ஏன் முதலாவதை எடுத்தேன்

பதற்றம் தாங்க முடியாமல் தெரபிக்கு, அதாவது பேச்சு வழி மனநலச் சிகிச்சைக்குப் போவது என்று முடிவெடுத்ததும், எந்த வகைக்குப் போவது என்ற கேள்வி வந்தது. ஒரு பக்கம் எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிதிறன் நடத்தை சிகிச்சை, சுருக்கமாகச் சிபிடி (CBT). இன்னொரு பக்கம் ஆஸ்திரிய மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டின் வழிவந்த உளப்பகுப்பாய்வு சார்ந்த சிகிச்சை. நான் சிபிடியை எடுத்தேன். இப்போதும் யாராவது கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வேன்.

எல்லோரும் சொல்லும் வித்தியாசங்களை வேகமாகக் கடந்துவிடலாம். சிபிடி பெரும்பாலும் வாரம் ஒரு அமர்வாக, 12 முதல் 20 அமர்வுகளில் முடியும். மற்றது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் போகும். செலவும் அதற்கேற்பத்தான். சிபிடி இன்றைய எண்ணங்களில் தொடங்கும். மற்றது சிறுவயதுக்கும் பழைய உறவுகளுக்கும் போகும். சிபிடியை உருவாக்கிய அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக்கே உளப்பகுப்பாய்வு படித்தவர்தான். மனச்சோர்வு என்பது உள்ளே திரும்பிய கோபம் என்ற உளப்பகுப்பாய்வுக் கருத்தை நிறுவ நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். அவற்றில் கோபத்தைவிட இழப்பும் தோல்வியும்தான் நிறைந்திருந்தன. 1960களில் அவர் பாதை மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: அமர்வுகள் நின்ற பிறகு நம் கையில் என்ன இருக்கும்? பதற்றமும் மனச்சோர்வும் திரும்பி வரக்கூடியவை. அப்போதெல்லாம் தெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க மாட்டார்.

சிபிடியில் எண்ணப் பதிவு என்று ஒன்று உண்டு. ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுவது. மேலதிகாரி என் மின்னஞ்சலுக்குப் பதில் போடவில்லை: இது நடந்தது. ‘என்னை வேலையிலிருந்து தூக்கப் போகிறார்கள்’: இது எண்ணம். அதை எவ்வளவு நம்புகிறேன்? நூற்றுக்கு எண்பது. அடுத்த கட்டத்தில் அந்த எண்ணத்துக்கு ஆதாரம், அதற்கடுத்ததில் எதிர் ஆதாரம். அவர் யாருக்குமே உடனே பதில் போடுவதில்லை என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. எழுதி முடித்ததும் எண்பது நாற்பதாக இறங்கியது. பூஜ்யமாகவில்லை, ஆனால் அன்று தூங்க அது போதும். சிகிச்சை முடிந்த பிறகும், நெஞ்சு படபடக்கும் நாட்களில் அந்தத் தாளைத்தான் எடுக்கிறேன்.

இதற்கு உழைப்பு வேண்டும். வீட்டில் செய்யச் சொல்வதைச் செய்யாவிட்டால் பலன் குறையும். அப்புறம், ஒரே மாதிரியான உறவில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்பவருக்கு உளப்பகுப்பாய்வு வழி கூடுதலாகப் பொருந்தலாம். அதில் கிடைத்த பலன் சிகிச்சை முடிந்த பிறகும் வளர்ந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. நான் அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை. அதனால் அதை மட்டம் தட்ட மாட்டேன். எந்த வழியானாலும் தெரபிஸ்டிடம் மனம் ஒட்டாவிட்டால் ஆளை மாற்றத் தயங்க வேண்டாம். அந்த உறவு சரியாக அமைவதும் பலனுக்கு முக்கியம்.

தம்பதிகள் விஷயத்தில் என் கணக்கு கொஞ்சம் மாறும். ஒருவர் கேட்கக் கேட்க மற்றவர் மௌனமாகிறார். மௌனமாக ஆக இவர் இன்னும் சத்தமாகக் கேட்கிறார். அந்தச் சுழலை ஒருவர் மட்டும் தாளில் எழுதி அறுக்க முடியாது. இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். உளவியலாளர்கள் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் 1980களில் உருவாக்கிய உணர்ச்சி மையச் சிகிச்சை இந்தச் சுழலைத்தான் நேராகப் பிடிக்கிறது. ஆனால் வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் சேர்ந்து உட்காருவது ஆபத்து. அங்கே பேசியதற்கு வீட்டில் தண்டனை கிடைக்கலாம். முதலில் தனியாகப் போய்ப் பேசுவதே சரி.

குழந்தைகளைப் பற்றி நான் சொல்வது படித்தும் கேட்டும் அறிந்ததுதான். நாலு வயதுப் பிள்ளையிடம் எண்ணப் பதிவு எடுபடாது. அந்த வயதில் விளையாட்டுதான் பேச்சு. அடம், அடிதடி மாதிரியான பிரச்சினைகளுக்குப் பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. சுமார் 2 முதல் 7 வயதுக்கானது. அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு விளையாடுவார். தெரபிஸ்ட் ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே, காதில் மாட்டிய கருவி வழியாக ‘இப்போது பாராட்டுங்கள்’, ‘இதைக் கண்டுகொள்ளாதீர்கள்’ என்று அந்தந்த நொடியில் சொல்லித்தருவார். என் குழந்தைக்குத் தேவைப்பட்டால் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான். பிள்ளை அடுத்த முறை தரையில் புரண்டு அழும்போது வீட்டில் இருக்கப்போவது பெற்றோர்தானே.