முதுகு ஆபரேஷனுக்கு முந்தைய ஆயத்த ஆலோசனை: ஒரு மதிப்பீடு

முதுகு ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் பல மருத்துவமனைகள் ஓர் ஆயத்த ஆலோசனைக்கு வரச் சொல்கின்றன. மயக்க மருந்து டாக்டர், பிசியோதெரபிஸ்ட், சில இடங்களில் கவுன்சிலர் ஆகியோர் பேசுவார்கள். பயம் குறைய இது உதவுமா என்று கேட்டால், உதவும். ஆனால் ‘தைரியமா இருங்க, ஒண்ணும் ஆகாது’ என்று முதுகைத் தட்டி அனுப்புவதோடு முடிந்தால் போன நேரம் வீண்.

உருப்படியாக நடத்துகிறார்களா என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். ஆபரேஷனுக்கு முந்தைய பயத்தை அளக்க 1996-ல் வெளியான ஆம்ஸ்டர்டாம் அளவுகோல் என்று ஒன்று உண்டு, மொத்தமே ஆறு கேள்வி. அதைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். நான்கு கேள்விகள் மயக்க மருந்து, ஆபரேஷன் பற்றிய பயத்தை அளக்கும். மற்ற இரண்டும் எவ்வளவு தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பயத்துக்கான நான்கின் கூட்டுத்தொகை 11-ஐத் தொட்டால் அந்த நோயாளியோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். அந்த இரண்டு தகவல் கேள்விகளை லேசாக நினைக்கக் கூடாது. சிலருக்கு எல்லாம் தெரிந்தால்தான் தூக்கம் வரும். சிலருக்குத் தெரிந்தால் வருகிற தூக்கமும் போய்விடும். இரு சாராரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஆபரேஷன் வீடியோ போடும் இடங்களுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டியதுதான்.

பெரும்பாலோரின் பயம் ஒன்றே: கால் விளங்காமல் போய்விடுமோ? இதற்கு உங்கள் எம்ஆர்ஐ படத்தை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் பொதுவாக எல்1, எல்2 (கீழ்முதுகின் முதல் இரண்டு) எலும்புகளின் மட்டத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கும் கீழே, எல்4-எல்5 டிஸ்க் ஆபரேஷன் நடக்கும் இடத்தில் இருப்பவை நரம்பு வேர்கள், தண்டுவடம் அல்ல. அங்கேயும் நரம்பு பாதிப்பு, நரம்பு வேர்களைச் சுற்றியுள்ள உறை கிழிதல், கிருமித்தொற்று ஆகிய ஆபத்துகள் உண்டு. அவை எத்தனை பேருக்கு வருகின்றன என்று சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள். கழுத்து, நடுமுதுகு ஆபரேஷன் என்றால் கணக்கே வேறு. அங்கே தண்டுவடம் பக்கத்திலேயே இருக்கிறது. நரம்பு சிக்னல்களைக் கண்காணிக்கும் கருவி பொருத்துவார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஆபரேஷன் நடுவில் விழிப்பு வந்துவிடுமோ என்பது அடுத்த பயம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014-ல் வெளியான பெரிய ஆய்வில், அப்படி நேர்ந்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 19,000 முறை மயக்க மருந்து கொடுத்ததில் ஒருவர்.

அதிகம் விட்டுப்போவது, கண் விழிக்கும்போது உடம்பு எப்படி இருக்கும் என்ற விவரம். குப்புறப் படுக்க வைத்துச் செய்வதால் முகமும் கண் இமையும் வீங்கியிருக்கலாம். தொண்டையில் குழாய் போட்டதால் ஓரிரு நாள் கரகரக்கும். சிறுநீர்க் குழாயும் முதுகில் ரத்தம் வடியும் குழாயும் இருக்கலாம். காலில் மரப்பு உடனே போகாது; வலி முதலில் குறைந்து மரப்பு மெதுவாகக் குறைவதே வழக்கம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், விழித்த நிமிடமே ‘ஏதோ தப்பாகிவிட்டது’ என்று நோயாளி பதறுவார்.

பிசியோ பகுதி அருமை, கட்டிலில் படுத்துச் செய்து பார்க்கவிட்டால். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி மரக்கட்டை போலப் புரண்டு, காலைக் கீழே இறக்கிக்கொண்டே முழங்கையை ஊன்றி எழ வேண்டும். தோள் முதலில் திரும்பினால் இடுப்பு முறுக்கிக்கொள்ளும். எல்லோரும் சறுக்குவது அங்கேதான். மூன்று பந்து மூச்சுக் கருவியில் பலரும் ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, மெதுவாக உறிஞ்சிப் பந்தை 3 முதல் 5 விநாடி மேலேயே நிறுத்த வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை என்பது வழக்கமான அளவு. பதற்றம் ஏறும்போது 4 விநாடி மூச்சை இழுத்து 6 விநாடி விடுவதும் இங்கேயே சொல்லித் தர வேண்டிய பாடம்.

பெரிய குறை நேரம். முந்தின நாள் சாயங்காலம் வைத்தால் பாதிப் பயன் போச்சு. குளோபிடோக்ரல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை டாக்டர் நிறுத்தச் சொன்னால் பொதுவாக 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்த வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைக்கு 3 நாள். முதுகெலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஆபரேஷன் என்றால் புகைப்பதை 4 வாரமாவது முன்பே விட்டிருக்க வேண்டும். ஆகவே ஆலோசனைத் தேதியை ஒரு மாதம் முன்பே கேட்டு வாங்குங்கள். ஆபரேஷனுக்கு முன் வயிறு காலியாக இருக்க, திட உணவை 6 மணி நேரம், தண்ணீரை 2 மணி நேரம் முன்பே நிறுத்துவது பொது விதி. பால் கலந்த காபி உணவுக் கணக்கில்தான் வரும்.

தூக்கம் வராது என்று வீட்டிலிருக்கும் மாத்திரையைச் சொல்லாமல் விழுங்க வேண்டாம், அது மயக்க மருந்தோடும் வலி மருந்தோடும் சேர்ந்தால் மூச்சை அமுக்கும். பயம் அதிகம் என்று சொன்னால் டாக்டரே ஒன்று எழுதித் தருவார். காத்திருக்கும் நாட்களில் சிறுநீர் வராமல் அடைத்தாலோ, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்தாலோ ஆலோசனைத் தேதியைப் பார்க்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.