வளவு மரங்களை யாரிடம் ஒப்படைப்பது?

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்து வடகிழக்கு வாடை தொடங்குவதற்கு முன்னரான ஆவணி, புரட்டாதி மாதங்களில், கல்லடி முதல் காரைதீவு வரையுள்ள, மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கேயான எழுவான்கரை வீட்டு வளவுகளில் ஆண்டுதோறும் ஒரே கேள்விதான் எழுகிறது: கூரையின்மேல் சாய்ந்திருக்கும் மாங்கொப்பையும், காய்ந்த ஓலை தொங்கும் தென்னையையும் யாரைக் கொண்டு சீர்செய்விப்பது? 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்டவர்கள் எங்கள் வீடுகளில் இன்னும் இருப்பதால், இக்கேள்வியை எவரும் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கேள்வி எழும் வேகத்தில் பதிலும் தேடப்படுவதால், முதலில் கையில் அகப்படுபவரிடமே மரம் ஒப்படைக்கப்படுகிறது.

அழைக்கக்கூடியவர்கள் நான்கு வகையினர்: தேங்காய் பறிக்கும் மரமேறி, செயின்சோ எனும் இயந்திர வாள் வைத்திருக்கும் வெட்டுக் குழு, விவசாயப் போதனாசிரியர் அல்லது தெங்குச் செய்கைச் சபையின் உத்தியோகத்தர், நகரத்தில் தோட்டப் பராமரிப்பை ஒப்பந்தமாக எடுத்துச் செய்பவர். இவர்களுள் யார் சிறந்தவர் என்று பொதுவாகக் கேட்பதை விட, வெட்டி விழுத்தப்படும் மரம் யாருக்குப் போகிறது என்று கேட்பதே பயனுள்ளது என்பது எனது அனுபவம்.

மரமேறியிடமிருந்து தொடங்குவோம். காலில் தளைநாரும் இடுப்பில் கத்தியுமாக வரும் இவர், ஏறும் மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறார். சில வளவுகளில் கூலிக்குப் பதிலாகத் தேங்காயாகவே எடுத்துக்கொள்கிறார். தென்னையின் உச்சி வட்டுக்குள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தலை நுழைப்பவர் இவர் ஒருவரே என்பதால், நோயை முதலில் காண்பவரும் இவரே. விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டியது போன்ற முக்கோண வெட்டுகள் தெரிந்தால் அது கருவண்டின் வேலை. குருத்தடியிலுள்ள துளையில் நுனி வளைந்த கம்பியை விட்டுக் குத்தி வண்டை வெளியே எடுக்க எங்கள் வளவுக்கு வரும் பெரியவருக்குச் சில நிமிடங்களே போதும். தண்டில் கபில நிறச் சாறு வடிந்து, துளை வாயில் மென்று துப்பிய சக்கை போன்ற நார் தெரிந்தால் அது சிவப்புக் கூன்வண்டு. அதன் புழு தண்டின் உள்ளேயே இருந்து தின்பதால் கம்பி அதற்கு உதவாது, உடனடியாக உத்தியோகத்தருக்கு அறிவிக்க வேண்டும்.

ஒரு முறை, கூரையில் உரசுகிறது என்று ஒரு பச்சை ஓலையை வெட்டச் சொன்னேன். அவர் மேலிருந்தே மறுத்துவிட்டார்: “மனே, அதுல கை வைக்கப்படாது, குல அந்த மட்டையிலதான் குந்தியிருக்கு.” அவர் சொன்னது சரியே. தென்னையின் ஒவ்வொரு பாளையும் ஓர் ஓலையின் கக்கத்திலிருந்து வருகிறது. அந்த ஓலையே குலைக்குத் தாங்கியாகவும் நிற்கிறது. அதை வெட்டினால் குலை சரிந்து குரும்பட்டி உதிரும்.

இருப்பினும், எல்லா மரமேறிகளும் இப்பெரியவரைப் போன்றவர்கள் அல்லர். ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் படி வெட்டுபவரைத் தென்னையின் பக்கமே விடக்கூடாது. மா, பலா போன்றவற்றின் காயத்தைச் சுற்றிப் புதிய பட்டை வளர்ந்து மூடும். தென்னைக்கும் பனைக்கும் அவ்வாறு மூடும் வளர்ச்சிப் படை இல்லாததால், இன்று கொத்திய படி மரம் விழும் நாள் வரை காயமாகவே இருக்கும், கூன்வண்டும் அந்தக் காயத்தின் மணத்துக்கே வந்து முட்டையிடும். மேலும், தென்னையில் தேர்ந்த கைக்கு மாமரத்தை ஒழுங்காகக் கொப்பறுக்கவும் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு தொழில்கள்.

செயின்சோக் குழுவை அழைக்கும்போது நிலைமை வேறு. நாளொன்றில் முடியாத வேலையை ஒரு மணித்தியாலத்தில் முடிப்பார்கள். பட்டுப்போன மரத்தையோ, வேர் கிளம்பி வீட்டுப் பக்கம் சாய்ந்த மரத்தையோ துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்குவதற்கு இவர்களை விட்டால் ஆளில்லை. சிக்கல் கணக்குத் தீர்ப்பதில் உள்ளது. கூலியைக் குறைத்துக்கொள்கிறோம், மரத்தை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொல்லும்போது வீட்டுக்காரருக்கு அது இலாபமாகத் தெரிகிறது. அந்த நிமிடத்திலிருந்து, அகற்ற வேண்டிய மெல்லிய, காய்ந்த, நெருக்கமான கொப்புகளில் அவர்களுக்கு அக்கறை இராது. விறகுக்கும் பலகைக்கும் ஆகக்கூடிய தடித்த, நலமான கொப்புகளிலேயே கண் போகும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, பேசிக்கொண்ட கூலி அவ்வாறானது.

எனது கறுத்தக்கொழும்பான் மாமரத்தை இப்படித்தான் இழந்தேன் எனலாம். மாரிக்குப் பயந்து, உச்சியை மொட்டையடித்துவிட்டால் காற்றுப் பிடிக்காது என்ற ஒரு குழுவின் பேச்சை நம்பினேன். அடுத்த ஆண்டு வெட்டிய கட்டைகளின் விளிம்பெங்கும் துடைப்பம் போல இளங்கொப்புகள் கிளம்பின. பழைய கொப்பு தண்டுக்குள் ஆழப் பொருந்தியிருப்பது போலன்றி, இவை மேற்பட்டையில் ஒட்டிக்கொண்டே வளர்பவை. மூன்றாம் மாரியில் அவற்றுள் இரண்டு பிளந்து அடுப்படிக் கூரைத் தகட்டில் விழுந்தன. வெட்டுவாய் வழியே நீர் இறங்கி, கட்டைகளும் உள்ளே உக்கிப்போயிருந்தன. இலைகளின் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒரே முறையில் அகற்றுவது வளர்ந்த மரத்தைப் பட்டினி போடுவதற்குச் சமம் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

சரியான வெட்டு எது என்பதை வீட்டுக்காரரும் தெரிந்திருப்பது நல்லது, ஏனெனில் வேலைக்கு வந்தவரைச் சோதிக்க அதுவே எளிய வழி. கொப்பு தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால், தோல் சுருங்கி, சட்டைக் கழுத்துப் போலச் சற்றுப் புடைத்த ஒரு வளையம் தெரியும். காயத்தை மூடும் வளர்ச்சி அங்கிருந்தே புறப்படுகிறது. தண்டோடு ஒட்டச் சீவினால் அந்த வளையம் போய்விடும். ஒரு சாண் கட்டை விட்டு வெட்டினாலோ, கட்டை பட்டு உக்கல் உள்ளே இறங்கும். வளையத்துக்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். கனமான கொப்பாயின், ஓர் அடி தள்ளி முதலில் அடிப்பக்கத்திலிருந்து மூன்றிலொரு பங்கு அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கொப்பை இறக்கிய பின்னரே, எஞ்சிய கட்டையை வளையத்தின் அருகே எடுக்க வேண்டும். ஒரே வெட்டில் விழுத்தினால் கொப்பு தன் கனத்தால் தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். “இந்தக் கொப்பை எவ்விடத்தில் வெட்டுவீர்கள்?” என்று கேளுங்கள். விரலால் தொட்டுக் காட்டுபவரை வைத்துக்கொள்ளலாம்.

உத்தியோகத்தர்கள் வெட்டித் தர மாட்டார்கள் என்பதால் பலர் அவர்களை நினைப்பதே இல்லை. ஆயினும் நால்வருள், மரம் நின்றாலும் விழுந்தாலும் இலாபம் எதுவும் அடையாதவர்கள் இவர்கள் மட்டுமே. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் விளக்கம் கேட்கலாம். அப்பகுதிப் போதனாசிரியரை நேரில் சந்தித்து, நோய்ப்பட்ட இலையையோ காயையோ கொண்டுபோய்க் காட்டலாம். குறை தாமதத்தில் இருக்கிறது. பெரும்போக விதைப்பு நெருங்கும்போது வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களே அவர்களுடைய முதல் வேலையாகிவிடும். ஒரு வளவு மாமரத்துக்காக உடனே வருவார்கள் என எதிர்பார்ப்பது நியாயமன்று. எனவே மாங்காய்ப் பருவம் முடிந்தவுடன், ஆடியிலேயே கேட்டுவிட வேண்டும். மாமரத்தைக் கொப்பறுப்பதற்கும் அறுவடையை அடுத்த அந்தக் காலமே உகந்தது.

ஒப்பந்தமாகச் செய்பவர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எழுத்தில் விலை தருகிறார்கள், குப்பையை அள்ளிச் செல்கிறார்கள், புல்லும் பூச்செடியும் நன்றாகப் பார்க்கிறார்கள். உயரமான மரமென்றால் பெரும்பாலும் அவர்களும் முன்சொன்ன குழுவையே கூலிக்கு அமர்த்துகிறார்கள். ஓடு உடைந்தால் பொறுப்பு யாருடையது என்பதை மட்டும் அந்த எழுத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விடயங்களில் நால்வரில் எவரையும் நம்பி இறங்கக் கூடாது. கொப்போ ஓலையோ மின்கம்பியைத் தொடுமானால், மின்சார சபைக்கு அறிவித்து மின்னைத் துண்டிக்கும் வரை எவரையும் ஏற விடக்கூடாது. ஈரமான பச்சை ஓலையும் மின்சாரத்தைக் கடத்தும். மற்றையது பலா. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், சொந்த வளவில் நின்றாலும் பலாவைத் தறிப்பதற்கு அனுமதி பெற வேண்டும். கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிப்பதே வழக்கம். அனுமதியெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வெட்டுபவர் சொன்னால், கடதாசியைக் கண்ணால் கண்ட பின்னரே இயந்திரத்தை இயக்க விடுங்கள்.

இவ்வாண்டு எங்கள் வளவில் வேலையைப் பிரித்தே கொடுத்தேன். தென்னைகள் பெரியவருக்கு. எஞ்சியிருக்கும் அம்பலவி மாவில் எவற்றை எடுப்பது என்று போதனாசிரியர் சொல்ல, அந்தக் கொப்புகளில் நானே சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்தேன். செயின்சோ வைத்திருக்கும் இளைஞரிடம் கூலியை முழுப் பணமாகத் தருவதாகவும், விறகு வீட்டிலேயே நிற்கும் என்றும் முன்கூட்டியே பேசினேன். கேட்ட தொகை சென்ற முறையை விடக் கூடுதலாகவே இருந்தது. வெட்டி முடித்த பின் தண்டருகே ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். ஏழு வெட்டுகளில் ஆறு, வளையத்தைத் தொடாமல் சுண்ணாம்புக் கோட்டிலேயே விழுந்திருந்தன.