கச்சான் காற்றும் டியூப் அம்பும்: கல்லடியில் சில வருடப் பாவனை

மட்டக்களப்பு வெக்கைக்கு கிட்டார் டியூப் அம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வெற்றிடக் குழாய்களில் ஓடும் ஒலிபெருக்கி) தாங்குமா என்றுதான் வாங்க நினைக்கிற எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். தாங்கும். என்னிடம் இருப்பது 15 வொட் கொம்போ, அதாவது அம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்: இரண்டு ஈஎல்84 (ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூப்), மூன்று 12ஏஎக்ஸ்7 (அதற்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் சின்ன டியூப்). கல்லடியில் கடலுக்குக் கிட்டவே பல கச்சான் காலங்களைக் கண்டுவிட்டது. டியூபுக்குள் இருக்கிற கதோட்டு, அதாவது இலத்திரன்களை வெளிவிடும் பாகம், 700 பாகை செல்சியசுக்கு மேல் காய்ந்தால்தான் வேலையே செய்யும். வெளியே 28 பாகையா 35 பாகையா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

வெக்கை கடிப்பது வேறு இடத்தில். ஐந்து டியூபிலும் கதோட்டைக் காய வைக்கும் ஹீட்டருக்கு மட்டுமே ஏறத்தாழ 15 வொட் போகிறது. அதற்கு மேல், ஒவ்வொரு ஈஎல்84 பிளேட்டும் (இலத்திரன்களை வாங்கும் உலோகத் தகடு) 12 வொட் வரை சூடாகக் கழிக்கலாம். சின்ன அம்ப்களில் பெரும்பாலும் அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் ஓட்டுகிறார்கள். நீங்கள் ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் கதைத்துக்கொண்டிருந்தாலும் சூடு குறையாது. கொம்போவில் டியூப்கள் தலைகீழாகத் தொங்குவதால் அது நேரே மேலே ஏறி சர்க்கிட் போர்டில் படும்.

என்னுடையதில் முதலில் போனது டியூப் இல்லை, அதைச் செருகும் சொக்கட்டின் ஈயப் பற்று. சத்தம் விட்டு விட்டு வந்தது. கழற்றிப் பார்த்தால் போர்டு அந்த இடத்தில் மட்டும் தேத்தண்ணி நிறம்; ஒரு பின்னைச் சுற்றி மெல்லிய வட்ட வெடிப்பு. திரும்ப ஈயம் வைத்ததும் சரி. எலக்ட்ரோலிட்டிக் கபசிட்டருக்கு (மின்னைத் தேக்கிச் சீராக்கும் உறுப்பு) 10 பாகை கூடினால் ஆயுள் பாதி என்பது பொதுக் கணக்கு, ஆகவே ஊர் வெயில் உண்மையில் அடிப்பது அதைத்தான். அம்பைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி வைத்து, பின்னால் சின்ன மேசை ஃபேன் ஒன்றைத் திருப்பி விடுகிறேன். ரெக்கோர்டிங் நேரத்தில் அது ஒரு தொல்லைதான்.

டியூபின் ஆயுளைத் தின்பது வெயிலைவிடக் கரண்ட். ஹீட்டருக்கு வேண்டியது 6.3 வோல்ட். மெயின்ஸ் 230 இலிருந்து 250க்கு ஏறினால் ஹீட்டர் 6.8ஐத் தாண்டும், பிளேட் வோல்டேஜும் கூடவே ஏறும். ஊர் அடங்கிய பிறகு எங்கள் பக்கம் மீட்டர் முள் மேலே போவது வழக்கம். நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று போட்ட பிறகு ஈஎல்84 சோடி முன்பைவிடத் தெளிவாகவே கூடுதல் காலம் நிற்கிறது. கோயில் திருவிழா ஜெனரேட்டரில் அதுவும் இல்லாமல் நான் குத்துவதே இல்லை.

கச்சேரி முடிந்ததும் சூட்டோடு தூக்கி ஆட்டோவில் ஏற்ற வேண்டாம், ஆற விடுங்கள். உப்புக் காற்றில் பின்கள் கறுக்கும். அம்பை நிறுத்தி, டியூபை மெல்ல ஆட்டிச் செருகினால் போதும்.

பவர் டியூப் களைத்தால் பேஸ் தளரும், சத்தம் மங்கும். பிளேட் செக்கச் சிவந்தால் உடனே நிறுத்துங்கள். கண்ணாடிக்குள் தெரியும் வெள்ளிப் பூச்சு வெள்ளையாக மாறினால் காற்றுப் புகுந்துவிட்டது, அது குப்பைக்கு. நீல ஒளியைக் கண்டு பயப்பட வேண்டாம். 12ஏஎக்ஸ்7 இவ்வளவு சீக்கிரம் தேயாது. பென்சிலால் தட்டும்போது ஸ்பீக்கரில் மணி அடித்த மாதிரிக் கேட்டால் மாற்றலாம்.

இங்கே கடையில் டியூபை எதிர்பார்க்காதீர்கள். கொழும்பில் சொல்லி வைக்க வேண்டும், அல்லது வெளிநாட்டிலிருந்து வருகிற யாரையாவது பிடிக்க வேண்டும். ஈஎல்84 வாங்குவதென்றால் அளந்து சேர்த்த சோடியாகக் கேளுங்கள்.