இலக்கியமா, விஸ்காமா, இரண்டுமா?

பிளஸ் டூ முடித்துவிட்டு, "இங்கிலீஷ் லிட்டரேச்சர் பிடிக்கும், ஆனால் வேலை டிஜிட்டல் மீடியாவில் வேண்டும்" என்று நிற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் மூன்று வழிகள் உண்டு: பி.ஏ. ஆங்கிலம், பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன் (சுருக்கமாக விஸ்காம்), அல்லது இரண்டையும் சேர்த்துப் படிப்பது.

விஸ்காமில் கேமரா, லைட்டிங், எடிட்டிங், டிசைன் எல்லாம் கையில் பழகும். கடைசி ஆண்டில் ஒரு குறும்படமோ, செய்த வேலைகளைத் தொகுத்த போர்ட்ஃபோலியோவோ தேறிவிடும். மீடியா நேர்முகத் தேர்வில் மதிப்பெண்ணைவிட அதைத்தான் புரட்டுவார்கள். ஆனால் செலவு ஜாஸ்தி. பெரும்பாலும் சுயநிதிப் பிரிவு. கட்டணம் போக லேப்டாப், கேமரா, ப்ராஜெக்ட் என்று நீளும். அரசுக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படிப்பவர் வருடத்துக்குக் கட்டும் தொகை இங்கே ஒரு நல்ல லென்ஸுக்குக் காணாது.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. ஒரு காலத்தில் ஃபிளாஷ் அனிமேஷனைப் பாடமாகவே நடத்தினார்கள். 2020 முடிவோடு அடோபி நிறுவனம் ஃபிளாஷ் பிளேயரையே மூடிவிட்டது. மென்பொருள் வரும், போகும். ப்ரீமியர் ப்ரோ போன்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளை யூடியூப் பார்த்தே கற்கலாம். ஷேக்ஸ்பியருக்கும் யூடியூபில் கதைச்சுருக்கம் கிடைக்கும். ஆனால் ஒரு வசனம் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று யோசிக்கும் பழக்கம் அப்படி வராது, இலக்கியத்தை ஊன்றிப் படித்தால்தான் வரும். ஸ்கிரிப்ட், சப்டைட்டில், விளம்பர வாசகம் எல்லாவற்றுக்கும் வேண்டியது அதுதான்.

பி.ஏ. ஆங்கிலத்திலும் கைடை மனப்பாடம் செய்து பாஸாகிற ஆட்கள் நிறைய. அவர்களுக்கு நான் சொன்ன லாபம் எதுவும் கிடையாது, சரி. வேறொரு லாபம் உண்டு: பி.எட்., டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) முடித்தால் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் ஆகலாம். விஸ்காம் பட்டத்தை வைத்து அது முடியாது. பட்டத்தின் பெயரில் ஆங்கிலத்தோடு வேறு பாடமும் ஒட்டியிருந்தால், பி.ஏ. ஆங்கிலத்துக்கு இணை என்று அரசாணை இருக்கிறதா எனப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

அடுத்தது இரட்டைப் பட்டம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-இல் அனுமதித்தது. இரண்டும் நேரடி வகுப்பென்றால் நேரம் மோதக் கூடாது. ஒன்றைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ வைத்துக்கொள்ளலாம். உங்கள் பல்கலைக்கழகம் இதை ஏற்றிருக்கிறதா என்று கேட்பது முதல் வேலை. இரண்டு செமஸ்டர் தேர்வும் ஒரே வாரத்தில் வந்தால் எதை விடுவீர்கள் என்பது அப்புறம். தொலைநிலையில் மீடியா படித்தால் ஸ்டுடியோவில் கைபழக வாய்ப்பும் குறைவு.

என்னைக் கேட்டால் பி.ஏ. ஆங்கிலம். இதழியல் விருப்பப் பாடம் உள்ள கல்லூரியாகப் பாருங்கள். எடிட்டிங்கை விடுமுறையில் பழகுங்கள். பிறகு முதுநிலையில் மீடியாவுக்கு மாறலாம். சென்னை ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் முதுநிலை டிப்ளமோ ஒரே வருடம்தான். கட்டணம் மட்டும் கையைக் கடிக்கும்.

கேமராவைத் தொடாமல் இருக்க முடியாது என்பவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. விஸ்காமிலேயே சேருங்கள். அதற்கு முன் துறைக்குப் போய், எத்தனை கேமரா இருக்கிறது, அதில் எத்தனை வேலை செய்கிறது என்று இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கேளுங்கள்.