ஐயெல்ட்ஸா பிடிஇயா? லேசு யாருக்கு?

வெளிநாட்டில் படிக்கப் போக ஐயெல்ட்ஸ், பிடிஇ என்ற இரண்டு ஆங்கிலப் பரீட்சைகளில் எதை எழுதலாம் என்று மட்டக்களப்பில் இப்போது யாரைக் கேட்டாலும் “பிடிஇ லேசு, அதையே எழுது” என்கிறார்கள், ஆனால் யாருக்கு லேசு என்று ஒருவரும் சொல்வதில்லை. நான் எழுதியது ஐயெல்ட்ஸ். ஆரையம்பதியில் இருக்கிற என் மச்சாள் எழுதியது பிடிஇ. இரண்டு பேரும் இரவு பஸ்ஸில் தூங்காமல் கொழும்புக்குப் போய் எழுதியவர்கள்தான்.

பெரிய வித்தியாசம் கதைப்பதில் இருக்கிறது. ஐயெல்ட்ஸில் ஒரு ஆளோடு 11 முதல் 14 நிமிடம் கதைக்க வேண்டும், கணினியில் எழுதினாலும் இந்தப் பகுதிக்கு ஆள்தான். நடுவில் ஒரு அட்டை தருவார்கள், ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு நிமிடம் வரை நாமாகவே கதைக்க வேண்டும். எனக்கு வந்தது தண்ணீருக்குப் பக்கத்தில் உள்ள ஓர் இடம். கேட்கவா வேண்டும், எங்கள் வாவிக்கு மேலே உள்ள கல்லடிப் பாலத்தில் ஏறிவிட்டேன். அந்த வாவியில் பாடும் மீன் கதை வரை வந்த பிறகு வாவிக்கு ஆங்கிலச் சொல் மறந்து போய், ‘கடலுக்குப் பக்கத்தில் பெரிய தண்ணீர்’ என்று கையை விரித்துக் காட்டினேன். பரீட்சகராக இருந்த அம்மா தலையாட்டிக்கொண்டு காத்திருந்தார், எனக்கும் மூச்சு வந்தது, மிச்சத்தைச் சொல்லி முடித்தேன்.

பிடிஇயில் ஆள் இல்லை, கணினிக்கு முன்னால் இருந்து மைக்கில் கதைக்க வேண்டும், அப்படி யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஒரு படத்தை 25 செக்கன் பார்க்க விடுவார்கள், பிறகு 40 செக்கனுக்குள் அதை விவரிக்க வேண்டும், இடையில் மூன்று செக்கன் வாயை மூடினால் ஒலிப்பதிவு நின்றுவிடும். பக்கத்து மேசைகளிலும் அதே நேரம் ஆட்கள் கத்திக்கொண்டிருப்பார்கள். “சின்ன வகுப்பில் எல்லாரும் சேர்ந்து வாய்ப்பாடு சொன்ன மாதிரி இருந்தது மச்சான்” என்றாள் மச்சாள். ஆனால் பஸ்ஸில் மிச்சக்காசு கேட்கவே கூச்சப்படுகிற அவளுக்கு மைக் சரிவந்தது. முகம் பார்த்துக் கதைக்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே திரும்பி வந்திருப்பாள். எனக்கு நேர்மாறு, யோசிக்கும்போது “ம்ம்ம்” என்று இழுக்கிற ஆள் நான், அங்கே போயிருந்தால் தொலைந்தேன்.

கேட்டலில் இரண்டும் கொடுமைதான், ஒரு தடவைதான் ஓடும். ஐயெல்ட்ஸில் 40 கேள்வி, விடை தெரிந்தும் எழுத்துப்பிழை விட்டாலோ பன்மைக்குரிய எஸ்ஸை விட்டாலோ அந்தப் புள்ளி போகும், நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுவது அந்த எஸ்ஸில்தான். பிடிஇயில் ஒரு வசனத்தைக் கேட்டு அப்படியே எழுதும் கேள்வி வரும், அதன் புள்ளி கேட்டலுக்கும் எழுத்துக்கும் சேர்ந்து விழும். இதற்காக மச்சாள் தம்பியைப் பிடித்து வைத்து ஆங்கிலப் பத்திரிகையை வாசிக்கச் சொல்லி, திருப்பிக் கேட்காமல் கொப்பியில் எழுதிப் பழகினாள். ஒரு நாளைக்கு இருபது வசனம். தம்பிக்குக் கூலி ஒரு ரோல்.

வகுப்புக்குப் போவதா, வீட்டில் படிப்பதா? இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது. நான் போன வகுப்பில் ஒரே கட்டுரையை எல்லாருக்கும் பாடமாக்கக் கொடுத்தார்கள், தலைப்பை மட்டும் மாற்றிப் போடட்டாம். அதை எழுதி எழுத்தில் 9க்கு 6 வாங்கினேன், கதைத்ததில் 7.5. ஐயெல்ட்ஸில் குறைந்தது 150 சொல்லில் ஒரு வரைபட விளக்கம், குறைந்தது 250 சொல்லில் ஒரு கட்டுரை, மொத்தம் 60 நிமிடம். கட்டுரைக்கு இரண்டு மடங்கு மதிப்பு, அதில்தான் நான் இரவல் சரக்கை இறக்கினேன். பிடிஇ கணினி திருத்துவது என்பதால் அங்கே பாடமாக்கினால் ஓடும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். 2025 ஓகஸ்டுக்குப் பிறகு அந்தக் கதையும் இல்லை, சில கேள்விகளை இப்போது ஆட்களும் பார்க்கிறார்கள். திருத்தித் தர ஒரு நல்ல ஆசிரியர் கிடைத்தால் போங்கள், கட்டுரை விற்பவர் என்றால் கேம்பிரிட்ஜின் பழைய வினாத்தாள்களும் ஒரு மணிக்கூடும் காணும்.

பெறுபேறு பிடிஇயில் பெரும்பாலும் இரண்டு நாளில் வந்துவிடும், விண்ணப்ப முடிவுத்திகதி கழுத்தை நெரிக்கிற ஆளுக்கு அது பெரிய விசயம். இரண்டும் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லுபடி. இதே மாதிரி இன்னொரு பரீட்சையான டோஃபெலை அமெரிக்கா போகிறவர்கள் பாருங்கள், எனக்கு அதில் அனுபவம் இல்லை. எதுவானாலும் நீங்கள் போகிற பல்கலைக்கழகம் அந்தப் பரீட்சையை ஏற்கிறதா, ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக எவ்வளவு கேட்கிறது என்று பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள். எனக்கு மொத்தம் போதுமாக இருந்தும் எழுத்தில் 6.5 கேட்டதால் மறுபடி பஸ் ஏற வேண்டி வந்தது.

அப்புறம் தட்டச்சு. பிடிஇ முழுக்கக் கணினிதான், 20 நிமிடத்தில் 200 முதல் 300 சொல் கட்டுரை. போனில் இரண்டு பெருவிரலால் பறக்கிற பிள்ளைகள் விசைப்பலகையில் எழுத்துத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன், மச்சாளும் அப்படித்தான். முதல் நாள் 20 நிமிடத்தில் அவள் அடித்தது 110 சொல். பணம் கட்டுவதை ஆறு வாரம் தள்ளிப்போட்டு, மாமாவின் பழைய மடிக்கணினியில் தினமும் ஒரு கட்டுரை அடித்து, 230ஐத் தொட்ட அன்றைக்குத்தான் பதிந்தாள்.